கொல்லிமலை ஆய்வுகளின் தடம்: ஆய்வுத் தாக்கத்தைக் காட்டுவதில் நூலகத்தின் பணி

ஆய்வுச் சுருக்கம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றி வேளாண்மை, மானிடவியல், தாவரவியல், சங்க இலக்கியம் எனப் பல துறைகளில் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆய்வின் தாக்கம் இன்று பெரும்பாலும் மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. அவ்வெண்ணிக்கை எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் கொல்லிமலை ஆய்வுகளை முன்வைத்து இக்கட்டுரை திறனாய்கிறது. எண்ணித் தருவதைவிடப் பெயர்களை ஒழுங்குபடுத்துவதும், சிதறிக் கிடக்கும் சான்றுகளைக் காத்து இணைப்பதுமே இதில் நூலகத்தின் முதற்பணி என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, ஆய்வுத் தாக்கம், மேற்கோள், நூற்பட்டியல், சிறுதானியம், தமிழாய்வு

ஓர் ஆய்வின் இரு தலைப்புகள்

கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுவோர் தம் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதில் கூட்டுச் செயல்பாடு எவ்வளவு உதவுகிறது என்பதை ஆராய்ந்த பணித்தாள் ஒன்று 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. கிய்யோம் குருயேர், லதா நாகராஜன், இ.டி. இஸ்ரேல் ஆலிவர் கிங் ஆகிய மூவர் எழுதிய அப்பணித்தாளின் ஆங்கிலத் தலைப்பில் கொல்லிமலை, தமிழ்நாடு, இந்தியா என இடப்பெயர் முழுமையாக இருந்தது. அவ்வாய்வு 2009இல் ‘ஃபுட் பாலிசி’ என்னும் ஆய்விதழின் 34ஆம் தொகுதியில் கட்டுரையாக வந்தபோது தலைப்பில் கொல்லிமலை இல்லை. அதன் இடத்தில் ‘தென்னிந்தியா’ என்னும் சொல் வந்து அமர்ந்தது.

இதில் ஆசிரியர்கள்மீது குறைகாண இடமில்லை. உலகளாவிய வாசகரை நோக்கும் இதழுக்குப் பரந்த தலைப்பே பொருந்தும். ஆயினும் இச்சிறு மாற்றத்தின் விளைவு பெரிது. கொல்லிமலை எனத் தலைப்பில் தேடுபவருக்குப் பணித்தாள் கிடைக்கும். பதவி உயர்வுக்கும் தரவரிசைக்கும் கணக்கில் கொள்ளப்படும் இதழ்க் கட்டுரை கிடைக்காது. பிற ஆய்வாளருள் சிலர் பணித்தாளை மேற்கோள் காட்டுவர், சிலர் கட்டுரையைக் காட்டுவர். இரண்டும் ஒன்றன் இரு வடிவங்களே என இணைத்துக் காட்டாத இடத்தில் மேற்கோள்கள் இரண்டாகப் பிளவுபடும். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் பணித்தாள்களைப் பொதுவாகத் தம் மூலப் பட்டியலில் சேர்ப்பதில்லை; கூகுள் ஸ்காலர் சேர்க்கிறது. எனவே இவ்வாய்வுக்கு மேற்கோள் எத்தனை என்னும் வினாவுக்கு, எங்கே கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

மற்றொரு முரணும் இங்கே உண்டு. பணித்தாளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். ஃபுட் பாலிசி சந்தா செலுத்திப் பெறவேண்டிய இதழ். செம்மேட்டிலிருந்தோ சேந்தமங்கலத்திலிருந்தோ இவ்வாய்வைப் படிக்க விரும்புவோருக்கு எட்டுவது, மதிப்பீட்டுக் கணக்கில் குறைந்த இடம் பெறும் வடிவம்தான்.

எந்தக் குறியீட்டெண் சிறந்தது என்னும் விவாதம் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. இதழின் தாக்கக் காரணியையும், 2005இல் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீட்டையும், 2010க்குப் பின் பரவிய மாற்று அளவீடுகளையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் நூலக அறிவியலில் ஏராளம். எண்ணப்படும் பொருள் முதலில் ஒன்றாகத் திரட்டப்பட்டுள்ளதா என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. நூலகர் ஒருவர் எழுப்பவேண்டிய முதல் வினா அதுவாகும்.

பெயர்கள்

ஒருவருக்கோ ஓரிடத்துக்கோ ஒரு பொருளுக்கோ எத்தனை பெயர் வழங்கினும் அவற்றை ஒரு தலைப்பின்கீழ்க் கொண்டுவந்து, மற்றவற்றிலிருந்து ‘காண்க’ என்று வழிகாட்டுவது நூற்பட்டியல் கலையின் பழைய நெறி. அட்டைப் பட்டியல் மறைந்து தேடுபொறி வந்தபின் அந்நெறிக்கு வேலையில்லை என்னும் எண்ணம் பரவியுள்ளது. கொல்லிமலை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

மலையின் பெயரே ரோமன் எழுத்தில் கொல்லி ஹில்ஸ், கொல்லிமலை, கொல்லிமலைஸ் எனச் சேர்த்தும் பிரித்தும் பல வடிவங்களில் எழுதப்படுகிறது. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997இல். அதற்கு முந்தைய ஆய்வுகள் சேலம் மாவட்டம் என்னும் குறிப்புடன் இருக்கின்றன. மாவட்டப் பெயரைக்கொண்டு ஆய்வுகளைத் திரட்டும் நூலகர் இதனை அறியாவிடில் பல்லாண்டுக்கால ஆய்வுகளை ஒரே வீச்சில் இழந்துவிடுவார்.

மலைவாழ் மக்களின் பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். அரசின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் மலையாளி. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் குறித்த தொகுப்பிலும் அவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. இப்பெயரைத் தரவுத்தளத்தில் இட்டுத் தேடினால் மலையாளம் பேசும் கேரள மக்களைப் பற்றிய கட்டுரைகள் வெள்ளமாய் வந்து, கொல்லி, கல்வராயன், சேர்வராயன் மலைகளைச் சார்ந்த சில கட்டுரைகளை மூழ்கடித்துவிடும். பொறிக்கு இரண்டும் ஒரே எழுத்துச் சரம். பொருளறிந்து பிரிக்க ஆள் வேண்டும்.

பயிர்ப்பெயரும் இவ்வாறே. சாமைக்குப் பழைய நூல்களில் பானிகம் மிலியாரே என்னும் அறிவியற்பெயர் வழங்கியது. இன்று பானிகம் சுமத்ரென்ஸ் என்பதே ஏற்கப்பட்ட பெயர். மலையில் பயிராகும் சாமை வகைகளுக்கோ வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்பன போன்ற தமிழ்ப்பெயர்கள் உள்ளன. ஆய்வுக் கட்டுரைகளில் இவை ரோமன் எழுத்தில், ஒலிப்புக் குறிகள் ஏதுமின்றி அச்சாகின்றன. ஒருமுறை அவ்வாறு அச்சானபின், அதனை மட்டும் கண்டவர் மூலத் தமிழ்வடிவத்தை உறுதியாக மீட்க இயலாது. லகரமா ளகரமா, ரகரமா றகரமா என்பது தெரியாமற்போகும். விதையைக் காத்தவர் நாவில் வழங்கிய பெயர் ஆய்வேட்டில் சிதைவது மொழியாய்வாளர்க்கும் இழப்பாகும். தமிழ் எழுத்தில் அப்பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்து, ரோமன் வடிவங்களுடனும் அறிவியற்பெயர்களுடனும் இணைத்துவைக்கும் ஒரு சிறு பெயரகராதி, மேற்கோள் கணக்கைவிட முந்தியதும் பயன்மிக்கதுமான நூலகப் பணியாகும்.

ஆய்வாளர் பெயருக்கு வருவோம். குடும்பப்பெயர் என ஒன்று இருந்தே தீரும் என்னும் மேலைநாட்டு மரபில் தரவுத்தளங்கள் அமைந்துள்ளன. தமிழரின் தலைப்பெழுத்து மரபு அதற்குள் அடங்குவதில்லை. மேற்கண்ட கட்டுரையின் மூன்றாம் ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொள்ளலாம்: ‘கிங்’ என்பதைக் குடும்பப்பெயராகக் கொண்டால் ஒரு பதிவு, ‘ஆலிவர் கிங்’ என்பதைக் கொண்டால் மற்றொரு பதிவு. முன்னெழுத்துகளின் வரிசை மாறினால் மேலும் ஒன்று. தந்தை பெயர் ஒரு கட்டுரையில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளனர். 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்னும் ஆய்வாளர் அடையாள எண் இதற்குத் தக்க தீர்வு. ஆனால் எண்ணைப் பெற்றுத்தருவதோடு பணி முடிவதில்லை. பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றையும் தேடி அவ்வெண்ணுடன் சேர்க்கவேண்டும். ஓய்வுபெற்றோர், மறைந்தோர் படைப்புகளுக்கு நூலகமே பொறுப்பேற்கவேண்டும். கல்லூரிகளில் நடைபெறும் ‘ஆய்வுத்துணைப் பயிலரங்கு’கள் பலவும் ஒரு பக்கத்தைத் திறந்து கணக்குத் தொடங்கக் கற்பிப்பதோடு நின்றுவிடுகின்றன. எஞ்சிய நேரத்தை ஒப்புமை விழுக்காட்டுச் சான்றிதழ் வழங்குவது விழுங்கிவிடுகிறது.

மலையில் நிகழ்ந்தது

எண்ணிக்கைக்கு அப்பால் தாக்கம் என்பது என்ன? கனடிய மானிடவியலர் எலிசபெத் ஃபின்னிஸ், கொல்லிமலை உழவர் சிறுதானியத்தைக் கைவிட்டு மரவள்ளிக்கு மாறியது ஏன் என்பதை ஆராய்ந்து 2006இல் ‘அமெரிக்கன் அந்த்ரபாலஜிஸ்ட்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு, அம்மாற்றத்தால் மலைமக்களின் உணவு எவ்வாறு மாறியது என்பதை மற்றோர் இதழில் எழுதினார். பணப்பயிருக்கு மாறியவரை ஏமாந்தவராகக் காணாமல், மழையையும் உழைப்பையும் வருவாயையும் எடைபோட்டு முடிவெடுத்தவராகக் கண்டது அவர் ஆய்வின் வலிமை. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு பெண்கள்மேல் விழுவது. மரவள்ளிக்கோ சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ ஆலைகளின் சந்தை காத்திருந்தது.

குருயேர் முதலியோரின் ஆய்வு எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. சிறுதானியத்துக்குச் சந்தை உண்டாக்கினால் அது நிலைக்குமா என்பது அதன் வினா. கூட்டுச் செயல்பாடு இன்றியமையாதது, ஆயின் அது மட்டும் போதாது என்பது அதன் சாரம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் மலையில் நடத்திவந்த பணிகளே அவ்வாய்வுக்குக் களம். ஊர் விதை வங்கிகள், தோல்நீக்கும் அரவை எந்திரங்கள், தன்னுதவிக் குழுக்கள்வழிச் சிறுதானியப் பொருள் விற்பனை ஆகியன அப்பணிகளுள் அடங்கும்.

இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கே மலையின் நிலை புலப்படும். மேற்கோள் அட்டவணையில் அவை மானிடவியல், வேளாண் பொருளியல் என்னும் இருவேறு துறைகளில், இருவேறு எண்களாக நிற்கின்றன. அவ்வெண்கள் எவ்வளவு உயர்ந்தாலும், அரவை எந்திரம் வந்தபின் ஒரு வீட்டில் சாமை மீண்டும் சமைக்கப்பட்டதா என்பதைச் சொல்லா. மறுபுறம், இத்தனை ஆய்வுகளுக்கும் பணிகளுக்கும் நடுவே மலையில் சிறுதானியப் பரப்பு சுருங்கி மரவள்ளி பெருகியது என்னும் உண்மையையும் அவை சொல்லா. தாக்கத்தைக் ‘காட்டு’தல் என்றால் வெற்றியை மட்டும் தொகுத்தல் என்று கொள்ளும் வழக்கம் இன்று வலுப்பெற்று வருகிறது. நிதி தருவோர்க்கு எழுதப்படும் அறிக்கைகளின் இயல்பு அது. நூலகம் அவ்வழக்கத்துக்குத் துணைபோகவேண்டியதில்லை. நிகழாததற்கும் சான்று காத்துவைப்பதில்தான் அதன் நம்பகத்தன்மை உள்ளது.

பிரித்தானியாவில் 2014இல் நடந்த பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில், கல்வி உலகுக்கு வெளியே ஆய்வு விளைத்த மாற்றத்துக்கு 20 விழுக்காடு மதிப்பு ஒதுக்கப்பட்டது. 2021இல் அது 25 விழுக்காடாயிற்று. மாற்றத்தை எண்ணாகத் தராமல், சான்றுகள் இணைத்த விளக்கமாகத் தரவேண்டும் என்பது விதி. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்கங்கள் 2014இல் திரண்டன. ஆய்வு முடிந்து பல ஆண்டுகள் கழித்துச் சான்று தேடப் புறப்பட்டவர்களுக்கு, கூட்டக் குறிப்பும் கடிதமும் துண்டறிக்கையும் அதற்குள் அழிந்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

கொல்லிமலைக்கு அத்தகைய விளக்கம் எழுதப்புகின் எங்கே தொடங்குவது? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பருதானியத்தைக் கிலோ 1 ரூபாய்க்கு வழங்க இடந்தந்தது. 2018ஐ இந்தியா தேசியச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இவற்றுக்குப் பின்னால் பல மாநிலங்களின் இயக்கங்களும் பல நிறுவனங்களின் ஆய்வுகளும் உள்ளன. கொல்லிமலை ஆய்வு அவற்றுள் ஓர் இழை. அதனைக் காரணம் என்று உரிமைகோருவது மிகை. பங்கு ஏதுமில்லை என்பதும் பொருந்தாது. பங்கின் அளவை நிறுவ ஆவணத்தொடர் வேண்டும். கொள்கை ஆவணங்களைத் தேடித்தரும் ஓவர்டன் போன்ற தரவுத்தளங்கள், ஆவணத்தினுள் ஆய்வுக் கட்டுரை பெயர் சுட்டப்பட்டிருந்தால் அதனைக் கண்டறியும். தமிழ்நாட்டு அரசாணைகள் ஆய்வுக் கட்டுரைகளைச் சுட்டும் வழக்கமுடையன அல்ல. ஆனால் அரசாணையின் தலைப்பகுதியில் ‘படிக்கப்பட்டவை’ என்னும் பட்டியல் உண்டு. முந்தைய ஆணைகளும் துறைத்தலைவர் கடிதங்களும் அங்கே எண்ணும் நாளும் இட்டுக் குறிக்கப்படும். அக்கடிதத்தைத் தேடிப் பிடித்தால் அதன் இணைப்பில் ஒரு திட்ட அறிக்கை இருக்கக்கூடும். அவ்வறிக்கையில் ஆய்வு இருக்கக்கூடும். இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லும் பயிற்சி ஆவணக் காப்பாளருக்கும் நூலகருக்கும் உரியது. எந்திரம் இதுவரை அதனைச் செய்யவில்லை.

தமிழாய்வின் நிலை

வேளாண் ஆய்வுக்கு ஆங்கில இதழ்களேனும் உண்டு. கொல்லிமலையைப் பற்றிய தமிழிலக்கிய ஆய்வுகளோ கருத்தரங்கக் கோவைகளிலும் மலர்களிலும் ஆய்வியல் நிறைஞர் ஏடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பலவற்றுக்கு நிலையான இணைய அடையாள எண் இல்லை. தமிழ் நூல்களில் முன்னோர் கருத்து ‘என்பர் அறிஞர்’ என உரைநடைக்குள்ளேயே கலந்து வருவதும் உண்டு. நூற்பெயரோ ஆண்டோ இல்லாத அம்மேற்கோளை எந்தப் பொறியும் பிடிக்காது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில், தாக்கக் காரணி இல்லாத இதழ்க் கட்டுரைக்குக் கூடுதலாக 5 புள்ளியும், தாக்கக் காரணி 10ஐத் தாண்டிய இதழ்க் கட்டுரைக்கு 30 புள்ளியும் தரப்பட்டன. தமிழில் எழுதும் ஆய்வாளர் எந்த வரிசையில் நிற்பார் என்பது வெளிப்படை. 2019இல் வந்த கேர் இதழ்ப் பட்டியல் சில தமிழ் இதழ்களுக்கு இடமளித்தது. அப்பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தகுதியை நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ளலாம் என்னும் இன்றைய நிலையில், கட்டுரை யாரால் படிக்கப்பட்டது, எந்தப் பாடநூலில் ஆளப்பட்டது என்னும் சான்றுகளை முன்வைக்கும் வாய்ப்பு தமிழாய்வாளர்க்குத் திறந்துள்ளது. வெறுங்கையோடு சென்றால் அவ்வாய்ப்பும் பயன்படாது.

தமிழாய்வுக்குத் தாக்கமில்லை என்பாருக்குக் கொல்லிமலையே விடை. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் போற்றும் வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா நடக்கிறது. அதனையொட்டி மலைக்கு மக்கள் திரள்கின்றனர். இவ்விழாவுக்குப் பின்னால் 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறும், 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையுடன் வெளியிட்ட நற்றிணையும் உள்ளன. ஏட்டுச்சுவடியிலிருந்து ஓரியும் கொல்லிப்பாவையும் அச்சுக்கு வந்திராவிடில் சிலைக்கும் விழாவுக்கும் அடிப்படை இருந்திராது. ஒரு பதிப்பாசிரியரின் பணி நூறாண்டுக்குப் பின் ஒரு மலையின் பொதுவாழ்வில் புகுந்ததற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. எந்த மேற்கோள் தரவுத்தளத்திலும் இது ஒரு புள்ளியாகக்கூடப் பதிவாகாது. பாடநூல்கள், விழா அழைப்பிதழ்கள், சுற்றுலாத் துறைக் கையேடுகள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பதிப்புகளுடன் இணைத்தால் அத்தடம் கண்முன் நிற்கும். இவை அனைத்தும் நூலகங்கள் வழக்கமாகக் குப்பையில் இடும் தாள்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நூலகத்தில் அளவீடு புதிதன்று. சீர்காழியில் பிறந்து 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். இரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணக்கியல் முறையால் ஆராயும் துறைக்கு ‘லைப்ராமெட்ரி’ என்னும் பெயரை 1948இல் முன்மொழிந்தார். யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை பற்றி எழுதியது 1955இல். இந்திய அறிவியலின் மேற்கோள் கணக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த சுப்பையா அருணாசலம், பின்னர் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, புதுச்சேரிச் சிற்றூர்களின் தகவல் மையங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளுக்கான திறந்த அணுக்கத்திலும் கருத்தூன்றினார். எண்ணிக்கையை நன்கறிந்த ஒருவர் அணுக்கத்தை நோக்கித் திரும்பியது, இத்துறையினர் கருதிப் பார்க்கத்தக்கது.

சொன்னவர் பெயர்

தாவரவியல் ஆய்வுகள் மலையின் மருந்துச் செடிகளைப் பட்டியலிட்டு வந்துள்ளன. ஒரு பட்டியலை மற்றொரு பட்டியல் மேற்கோள் காட்ட, எண்ணிக்கை எளிதில் ஏறுகிறது. அறிவைத் தந்த மலைமக்களுக்கு அதனால் நேர்ந்தது என்ன என்பதற்கு அங்கே இடமில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டம் உள்ளாட்சி அளவில் மக்கள் பன்மயப் பதிவேடு வேண்டும் என்கிறது. ஆய்வு அப்பதிவேட்டுக்குப் பயன்பட்டதா, அன்றிப் பதிவேட்டிலிருந்து ஆய்வுக்கு மட்டும் தகவல் போயிற்றா என்பதும் தாக்கத்தைப் பற்றிய வினாவே. 2019இல் வகுக்கப்பட்ட தொல்குடித் தரவு ஆளுகை நெறிகளுக்கும், தற்செயலாக, ‘கேர்’ என்னும் அதே நான்கெழுத்துச் சுருக்கமே வழங்குகிறது. கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் உரிமை, பொறுப்பு, அறம் என்பன அதன் நான்கு கூறுகள். இதழ்ப் பட்டியலை மனப்பாடமாக அறிந்த ஆய்வுலகம் இந்த இரண்டாம் சுருக்கத்தைப் பெரிதும் அறியாது.

இதனால் நூலகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. திரட்டிய எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடுவது திறந்த அணுக்கமாகாது. ஒரு மூலிகையின் இடமும் பயனும் ஊராரின் இசைவின்றி வெளியாகுமாயின், அது தாக்கப் பதிவேட்டில் பாராட்டாக ஏறினும் மலைக்குத் தீங்காகவே முடியும். எது பொதுவில், எது இசைவுபெற்று மட்டும் என்னும் பகுப்பு பட்டியலிலேயே குறிக்கப்படவேண்டும்.

இவற்றைச் செய்யப் புதிய மென்பொருளோ பெருநிதியோ முதற்கண் வேண்டுவதில்லை. தமிழ்நாடு 1948இலேயே பொதுநூலகச் சட்டம் கண்ட மாநிலம்; மாவட்ட மைய நூலகம் நாமக்கல்லில் உள்ளது; சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் உள்ளது. ஒன்று மக்களுக்கு அருகில் இருப்பது, மற்றொன்று ஆய்வாளருக்கு அருகில் இருப்பது. இரண்டுக்கும் இடையே கொல்லிமலைக்கெனப் பொதுக் கோப்பு ஒன்று தொடங்கப்படுமாயின், அதன் முதல் பதிவாக 2007ஆம் ஆண்டுப் பணித்தாளும் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்கப்படலாம். அவற்றுடன் சாமை வகைகளின் தமிழ்ப்பெயர்கள், மலையில் வழங்கப்பட்ட துண்டறிக்கைகள், தொடர்புடைய அரசாணைகள், ஃபின்னிஸின் மாற்றுப்பார்வை, இரு ஆய்வுகளுக்கும் மலைமக்கள் படிக்கத்தக்க தமிழ்ச் சுருக்கம் ஆகியனவும் சேரும். அச்சுருக்கத்தைப் படித்த ஊரார் ‘இது சரியன்று’ எனச் சொல்வார்களாயின், அவர்கள் சொன்னதும் நாளிட்டு அக்கோப்பிலேயே சேர்க்கப்படும்.